ஷமீமாவின் இடது கை

கூடைக்குள் பந்து விழுந்தால் மைக்கில் என்ன சொல்ல வேண்டும்? "ரெண்டு பாயிண்ட்!" அதைச் சொல்லும்போது தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். கூட்டமும் கூடவே கத்தும். இப்போது நான் சொல்ல வேண்டியிருப்பது "இரண்டு புள்ளி ஏழு ஆறு". இதை ஒருமுறை கத்திப் பாருங்கள். ரேஷன் கடையில் சர்க்கரை நிறுக்கிற மாதிரி இருக்கும். மூன்றாவது கூடைக்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

நான் சுந்தரி. ஆனைமடுவு பஸ் ஸ்டாண்டில் பதினெட்டு வருடமாக மைக் பிடிப்பவள். கோயமுத்தூர் வண்டி எங்கே நிற்கும், பழனி வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி என் குரல் தடித்துப்போய்விட்டது. அந்தக் குரலுக்காகத்தான் சித்திரை மாதம் எங்கள் ஊரில் நடக்கும் பெண்கள் கூடைப்பந்துப் போட்டிக்கு என்னை வர்ணனைக்குக் கூப்பிடுகிறார்கள். சோறு தண்ணீர் மறந்து கத்துவேன். நடுவர் தப்பு செய்தால் மைக்கிலேயே திட்டுவேன். அதற்கும் கைதட்டல் விழும்.

இந்தக் கண்றாவிப் புள்ளிக்கணக்கு வந்தது தடமானியால். தபால்தலை அளவில் ஒரு ஒட்டு. மணிக்கட்டில் ஒன்று, பிடரியில் ஒன்று ஒட்டிவிடுவார்கள். பந்தை எறிந்த அடுத்த நொடி, அந்த எறியில் பிறக்கும்போதே வாங்கிவந்தது எவ்வளவு, பழகிப் பழகி வந்தது எவ்வளவு என்று பலகையில் சதவீதம் காட்டிவிடும். சமநீதி விளையாட்டுக் கழகம் என்று ஒன்று புதிதாக முளைத்து, இதை வைத்தே சட்டத்தை மாற்றியது. பிறவியில் வந்ததற்கு எதற்கையா பரிசு, வியர்வைக்கல்லவா பரிசு என்றார்கள். முழுக்க உழைப்பால் போட்ட கூடைக்கு மூன்று. முழுக்கப் பிறவியால் விழுந்த கூடைக்கு ஒன்று. மற்றதெல்லாம் இடையில். எங்கிருந்து எறிந்தாலும் ஒரே கணக்கு என்று தூரக் கோட்டையும் அழித்துவிட்டார்கள். கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, எழுந்து நின்று கைதட்டினேன்.

அப்புறம் பார்க்க வேண்டுமே ஊரை! "எம் பையன் சூட்டிகை" என்று பீற்றிக்கொண்ட பெற்றோரெல்லாம் ஒரே வாரத்தில் பிளேட்டைத் திருப்பிப் போட்டார்கள். "எங்க பையன் சுத்த மக்குங்க, பந்தக் கண்டாலே பயப்படுவான், அம்புட்டும் பயிற்சிதானுங்க" என்று பெருமையாகச் சொன்னார்கள். நடந்தால் இடறி விழும் பிள்ளைகளைத் தேடிப் பயிற்சியாளர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். கல்யாணத் தரகர் ஒருவர் ஜாதகத்தோடு தடமானிச் சீட்டையும் கேட்டார். எங்கள் ஊர் ஆண்கள் அணியின் ஆறடி எட்டங்குல தேவசகாயம் பாவம், அவர் கூடை ஒன்றுக்கு ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறுதான் தேறியது. உயரமும் பிறவிக் கணக்கில் சேர்ந்துவிட்டதாம். இப்போது கல்யாண மண்டபங்களில் சீரியல் லைட் கட்டுகிறார். ஏணி தேவையில்லை என்று நல்ல கிராக்கி.

எங்கள் அணியில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருத்தி ஷமீமா. பேக்கரிக்காரர் காதர் மகள். பதினான்கு வயதிலிருந்து தினமும் விடிகாலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வந்து ஐநூறு பந்து எறிபவள். மழையா, காய்ச்சலா, நோன்பா, ஐநூறு என்றால் ஐநூறு. இன்னொருத்தி மாசாணி. இவள் பயிற்சிக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாயில் முறுக்கோடு வருவாள், ஷூ நாடாவைக்கூடச் சரியாகக் கட்ட மாட்டாள், எறிந்தால் கூடை. இரண்டு பேருக்கும் மைக்கில் பட்டம் கொடுத்தவள் நான்தான். ஷமீமா 'உழைப்பு ராணி'. மாசாணி 'சாமி கொடுத்த கை'. ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

இந்த வருடம் மாநில அணியில் ஒரே ஒரு இடம் காலி. எங்கள் போட்டியில் யார் அதிகப் புள்ளி எடுக்கிறாளோ அவளுக்கு அது. வயது வரம்பு இருபத்தைந்து. ஷமீமாவுக்கு அடுத்த மாதம் இருபத்தாறு. இது தவறினால் அவளுக்கு மாநில அணி இந்த ஜென்மத்தில் இல்லை. ஆனால் யாருக்கும் கவலையே இல்லை. உழைப்புக்குத்தான் புள்ளி என்று சட்டமே வந்துவிட்டதே! சீட்டு அவள் கையில் என்று பேக்கரியில் தேங்காய் பன் இனாமாகக் கொடுத்தார்கள். நானே இரண்டு தின்றேன்.

போட்டிக்கு மூன்று வாரம் முன்பு அளவெடுக்க வந்தார்கள். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு டாக்டர் பெனடிக்டா உட்கார்ந்திருந்தார். தடமானியைக் கண்டுபிடித்தவரே அவர்தான். ஐம்பது வயதிருக்கும், பருத்திப் புடவை, சிரித்த முகம். பத்தொன்பது வருடம் இதற்காகவே உழைத்தாராம்.

"இது எப்படிங்க கண்டுபுடிக்கும்?" என்று நான் கேட்டேன். தெரியாததைக் கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

"ரொம்ப சுலபம்மா. ஒரு காட்டுக்குள்ள தினம் நடந்தா புல்லு தேஞ்சு ஒத்தையடிப் பாதை உண்டாகும் இல்லையா? நரம்புலயும் அப்படித்தான். பழகினதெல்லாம் ஒத்தையடிப் பாதை. பிறவியில வந்தது பக்காவா போட்ட தார் ரோடு. எது பாதை, எது ரோடுன்னு மிஷின் பார்க்கும். அவ்வளவுதான்."

முதலில் மாசாணி உட்கார்ந்தாள். பலகையைப் பார்த்த டாக்டர் புருவத்தைத் தூக்கினார்.

"பயிற்சி எண்பத்தெட்டு சதம். பிரமாதம்! தினம் எத்தனை மணி நேரம் பழகுறீங்க?"

கூடமே கொல்லென்று சிரித்தது. மாசாணியும் சிரித்தாள். "நானுங்களா? மிஷினு கெட்டுப்போச்சுங்க டாக்டரு. நான் பந்தத் தொடறதே மேட்ச்சுலதான்."

"மிஷின் பொய் சொல்லாதும்மா. நீங்க எதையோ தினம் உயரத்துல தூக்கிப் போடுறீங்க. பல வருஷமா. யோசிச்சுப் பாருங்க."

மாசாணி யோசித்தாள். எனக்குத்தான் முதலில் பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது. "தேங்கா!" என்று கத்திவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் தேங்காய்க் களம். தினமும் பார்க்கிறேன். குவியலிலிருந்து இரண்டிரண்டாக எடுத்து, லாரிப் பலகைக்கு மேலே நிற்கும் ஆளுக்கு வீச வேண்டும். தலைக்கு மேல் ஐந்தடி உயரம். ஆள் பிடிக்கிற மாதிரி விழ வேண்டும், இல்லையென்றால் மண்டை உடையும். மாசாணி ஆறு வயதிலிருந்து அம்மாவோடு அந்த வேலை செய்கிறாள். ஒரு லாரிக்கு எட்டாயிரம் காய். நாள் ஒன்றுக்கு இரண்டு லாரி. அதை ஒருநாளாவது நான் உழைப்பு என்று நினைத்தேனா? சாமி கொடுத்த கையாம், சாமி! என் வாயில் மண்ணைப் போட வேண்டும்.

அடுத்தது ஷமீமா. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் வலது கையில் ஒட்டை ஒட்டினார், பந்து ஒன்றை எறியச் சொன்னார். பலகையைப் பார்த்தார். பிறகு ஒட்டைப் பிய்த்துப் புது ஒட்டு ஒட்டினார். மறுபடி பார்த்தார்.

"பிறவி தொண்ணூத்தியொரு சதம்" என்றார் மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை.

"இடது கையும் ஒரு தடவை" என்றார் டாக்டர். விதிப்படி இரண்டு கையையும் அளக்க வேண்டுமாம். இடது கையால் எறிந்த பந்து சாப்பாட்டு மேசைக்கு அடியில் உருண்டது. "இதுல ஒண்ணுமே இல்ல. பாதையும் இல்ல, ரோடும் இல்ல. வெறும் காடு."

ஷமீமா எழுந்தாள். "அப்ப நான் பதினோரு வருசமா காலங்காத்தால எந்திரிச்சு என்ன பண்ணீட்டு இருந்தேனுங்க டாக்டர்?"

டாக்டர் ஒட்டைப் பிய்த்தெடுத்தார். "ஏற்கெனவே இருந்த ரோட்டுல நடந்திருக்கீங்கம்மா. தேயலை" என்றார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பதினோரு வருடத்தை ஊத்தி மூடியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் இரண்டு பெண்களும் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மூன்று பேருக்கும் டீ வாங்கிப் போனேன். ஷமீமா அழுதால் நியாயம். ஆனால் தேம்பித் தேம்பி அழுதது மாசாணி!

"நீ எதுக்குடி அழுகுற? உனக்குத்தான் கூடைக்கு ரெண்டே முக்கா கிடைக்குதே" என்றேன்.

"அக்கா, களத்துல நான் எதத் தொட்டாலும் அது வேலைங்க்கா. இந்தப் பந்து ஒண்ணுதான் வேல இல்லாம சும்மா எனக்குன்னு வந்துச்சுன்னு நெனச்சு சந்தோசமா இருந்தேன். இதும் வேலதான்னு சொல்லிப்போட்டாங்களே!"

ஷமீமா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒரு கூடைக்கு எவ்வளவுக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு எட்டு."

"மாசாணிக்கு?"

"ரெண்டு புள்ளி ஏழு ஆறு."

"இடது கையில போட்டா?"

டீ எனக்குப் புரையேறியது. அந்தக் கையில் பிறவி பூஜ்யம். பந்து உள்ளே போனால் ஏறக்குறைய மூன்று. ஆனால் போக வேண்டுமே! அந்தக் கை சாப்பாட்டு மேசைக்கு அடியிலல்லவா எறிந்தது?

"கிறுக்கு புடிச்சுப்போச்சா உனக்கு? மூணு வாரத்துல எந்தக் கை பழகும்?"

"எனக்கு அது ஒண்ணுதாங்க்கா தெரியும்" என்றாள் ஷமீமா. "நாளைக்கு அஞ்சரைக்கு வர்றேன்."

வந்தாள். தினம் ஆயிரம் பந்து. முதல் நாள் ஆயிரத்தில் நான்கு விழுந்தது. ஒன்று மைதானத்துச் சுவர் தாண்டி இட்லிக் கடைச் சட்னி வாளியில் விழுந்தது. இரண்டாம் நாள் ஒன்பது. இடது கையால் தோசை பிய்க்கக் கூடாது என்று வீட்டில் சண்டை, ஆனாலும் இடது கையால் பல் தேய்த்தாள், இடது கையால் தலை வாரினாள், இடது கையால் கடையில் பிஸ்கட் எண்ணிப் போட்டாள். கோணல் வகிடோடு அவள் தெருவில் போனால் குழந்தைகள் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். பத்தாம் நாள் ஆயிரத்தில் இருநூறு! நான் பஸ் ஸ்டாண்டு மைக்கில், பழனி வண்டி புறப்படுகிறது என்பதோடு அதையும் சேர்த்து அறிவித்தேன். மேலாளர் ஏசினார். ஏசட்டும்.

போட்டி தொடங்கியது. ஐந்து ஆட்டங்கள். அணிக்கு ஆபத்து வந்தால் ஷமீமா வலது கையால் போட்டாள், ஒன்று புள்ளி ஒன்று எட்டு. அணி முன்னால் இருந்தால் இடது கை. முதல் ஆட்டத்தில் இடது கையால் எறிந்த பந்து ஒன்று நேராக என் மேசைக்கு வந்து டீ டம்ளரைக் கவிழ்த்தது. "இடது கை வணக்கம் சொல்லிப்போட்டுப் போகுதுங்க!" என்று மைக்கில் சொன்னேன், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்தது உள்ளே போனது. பலகையில் இரண்டு புள்ளி ஒன்பது ஐந்து! அடடா, அன்று ஆனைமடுவு போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோப்பில் இருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது. அந்தக் கண்றாவிப் புள்ளியை நானே முதல்முறையாக ஆசையோடு கத்தினேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நெருடியது. அவள் இடது கைக் கூடை அதிகமாக விழ விழ, அதன் மதிப்பு குறைந்துகொண்டே வந்தது. இரண்டு புள்ளி ஒன்பது ஐந்து, எட்டு எட்டு, ஏழு நான்கு. ஒட்டில் வியர்வை இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். கழக மேசையில் உட்கார்ந்திருந்த டாக்டர் பெனடிக்டாவும் பலகையை முறைத்துப் பார்த்தபடியே இருந்தார்.

இறுதி ஆட்டம் நாமக்கல் அணியோடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காலரி நிறைந்து, மதில் நிறைந்து, தேங்காய் லாரி மேலும் ஆள். தேங்காய்க்காரர்கள் ஊர் எங்கள் ஊர், மனக்கணக்கில் புலிகள். நான் அறிவிப்பதற்கு முன்பே கூட்டல் கழித்தல் முடித்துக் கத்திவிடுவார்கள். கடைசி நிமிடம். நாமக்கல் எழுபத்தொன்று புள்ளி நான்கு. நாங்கள் எழுபது புள்ளி மூன்று. பந்து ஷமீமா கையில். ஏழு நொடி.

இப்போது கணக்கைக் கேளுங்கள், ஊரே கேட்டுக்கொண்டிருந்த கணக்கு. வலது கையால் போட்டால் பந்து உள்ளே போவது நிச்சயம். ஒன்று புள்ளி ஒன்று எட்டு. கோப்பை எங்களுக்கு. ஆனால் மாநில அணிக்கான மொத்தப் புள்ளியில் மாசாணி அவளைவிட ஒன்று புள்ளி ஏழு இரண்டு முன்னால் இருந்தாள். வலது கை என்றால் ஷமீமாவின் சீட்டு போச்சு, காலத்துக்கும் போச்சு. இடது கையால் போட்டு விழுந்தால்? கடைசியாகப் போட்ட இடது கைக் கூடைக்கு இரண்டு புள்ளி மூன்று கிடைத்திருந்தது. கோப்பையும் வரும், சீட்டும் வரும். தவறினால் இரண்டும் போகும்.

மைக் பிடித்தவள் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன், சத்தியமாக.

முதலில் கத்தியது மாசாணி. கூடைக்குக் கீழே ஆளே இல்லாமல் தனியாக நின்றவள், பந்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம். அவளுக்குக் கொடுத்தாலும் கோப்பை எங்களுக்குத்தான். அவள் கேட்கவில்லை. "லெஃப்ட்டுல போடுடீ!" என்று அலறினாள். சீட்டை இழக்கப் போகிறவள் அவள்! அப்புறம் காலரி. "லெஃப்ட்டு! லெஃப்ட்டு!" லாரி மேல் நின்றவர்கள் பலகையைத் தட்டினார்கள். பன்னிரண்டு வருடமாக வராத கோப்பை, அது போனாலும் போகட்டும், நீ இடது கையால் போடு என்று ஊரே கூவியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "லெஃப்ட்டுல போடு அம்மிணீ!" என்று மைக்கிலேயே கத்திவிட்டேன். நடுநிலையாவது மண்ணாவது!

நாமக்கல் பெண்கள் இரண்டு பேர் அவள் வலது பக்கத்தை மறைத்துப் பாய்ந்தார்கள். ஷமீமா யோசிக்க நேரமே இல்லை. எகிறினாள். இடது கை மேலே போனது, மணிக்கட்டு மடிந்தது, பந்து வளையத்தைத் தொடாமல் வலையை மட்டும் உதறிவிட்டுக் கீழே வந்தது. மணி அடித்தது.

மைதானத்துக்குள் கூட்டம் பாய்ந்தது. ஷமீமாவைத் தூக்கி எறிந்து பிடித்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன்.

ஒன்று புள்ளி இரண்டு.

கோப்பை எங்களுக்குத்தான், பத்தில் ஒரு புள்ளியில் ஜெயித்தோம். சீட்டு அரைப் புள்ளியில் போய்விட்டது. மைக்கில் அறிவித்தேன், கடமையாயிற்றே. தூக்கிப் பிடித்திருந்தவர்கள் மெதுவாக அவளைக் கீழே இறக்கினார்கள். ஷமீமா இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தக் கையும் பிறவியாமாக்கா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

தேர்வுக் குழுத் தலைவர் கந்தவடிவேல் ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டு மேசைக்கு வந்தார். மாசாணி பெயர் எழுதிய தாளை டாக்டர் முன்னால் நீட்டினார். டாக்டர் அளவுச் சான்றில் கையெழுத்துப் போட்டால்தான் பட்டியல் செல்லும். போடாவிட்டால் பட்டியலுக்கு மட்டும் பழைய சட்டப்படி கூடைக்கு இரண்டு என்று எண்ண வேண்டும். அது சும்மா சம்பிரதாயத்துக்கு எழுதிவைத்த விதி, யாரும் இதுவரை கையெழுத்துப் போடாமல் இருந்ததில்லை.

டாக்டர் பேனாவைத் திறக்கவில்லை. ஷமீமாவைக் கூப்பிட்டார். இடது மணிக்கட்டைப் பிடித்து ஒட்டைப் பார்த்தார்.

"கடைசி எறியில என்ன நினைச்சே?"

"ஒண்ணும் நெனைக்கலைங்க. நேரமே இல்ல. அதுக்கு முன்னாடியெல்லாம் முழங்கை, மணிக்கட்டுன்னு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் போடுவேன். இப்ப கை தானாப் போயிருச்சு."

டாக்டர் அவள் மணிக்கட்டை விட்டார். அப்புறம் கந்தவடிவேலிடம் திரும்பினார். "மூணு வாரத்துக்கு முன்னாடி இந்தக் கையை நானே அளந்தேன் சார். வெறும் காடு. ஒண்ணுமே இல்ல. இப்ப தொண்ணூறு சதம் பிறவின்னு காட்டுது. மூணு வாரத்துல யாராவது புதுசா பிறப்பாங்களா?"

"மிஷின்ல கோளாறா இருக்கும்."

"மிஷின் சரியாத்தான் பார்க்குது. நான்தான் தப்பாப் படிச்சேன். நடந்து நடந்து பாதை ஒரு கட்டத்துல ரோடாவே ஆகிடுது. அப்புறம் அது யார் போட்ட ரோடுன்னு மிஷினுக்குத் தெரியாது. பிறவின்னு சொல்லிடுது."

எனக்குத் தலை சுற்றியது. "அப்ப அந்த வலது கை? தொண்ணூத்தியொண்ணு?"

"பதினோரு வருஷம்" என்றார் டாக்டர்.

"மாசாணிக்கு மட்டும் எப்படிங்க பாதையாவே இருக்கு? அவளும் பதினாறு வருசமா வீசறாளே."

"தேங்காய் வீசுற பாதையில பந்தைக் கூட்டிட்டுப் போறாங்க அவங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விலகி நடக்கணும். அதனால தடம் தெரியுது. அவங்க உழைப்பும் நிஜம், இவங்க உழைப்பும் நிஜம். நான்தான் ரொம்ப உழைச்சவங்களைப் பார்த்தெல்லாம் நீ சும்மா வாங்கிட்டு வந்தவன்னு சொல்லி அனுப்பிட்டேன். எத்தனை பேரோ."

"அப்படின்னா பிறவித் திறமைன்னே ஒண்ணு கிடையாதுங்களா?" என்று மாசாணி கேட்டாள். அவள் குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது.

"இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல. தெரியாததுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறது?" என்று டாக்டர் பேனாவைப் பைக்குள் போட்டுவிட்டார்.

அப்புறம் என்ன, பழைய சட்டம்தான். கூடைகளை எண்ண வேண்டியதில்லை, லாரி மேலிருந்தே கத்திவிட்டார்கள். ஷமீமா எண்பத்தேழு, மாசாணி நாற்பத்தாறு. கந்தவடிவேல் முகத்தைச் சுளித்துக்கொண்டே பெயரை அடித்து மாற்றி எழுதினார். நான் மைக்கைப் பிடித்து மாநில அணிக்கு ஷமீமா என்று சொல்லி முடிப்பதற்குள் மாசாணி அவளைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளிவிட்டாள். "எனக்கு இன்னம் மூணு வருசம் வயசிருக்குடி, போயிட்டு வா!" என்று அவள் காதில் கத்தினாள். இரண்டும் சிமெண்டுத் தரையில் புரண்டு சிரித்தன. பேக்கரி காதர் அண்ணன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஷமீமா எழுந்து வந்து டாக்டர் முன்னால் நின்றாள். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அப்ப நான் உழைச்சது நெசந்தானுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"நிஜம்தான்மா. சத்தியமா."

அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். மூன்று வாரமாக அடக்கிவைத்த அழுகை.

கந்தவடிவேலுக்கு மனசு ஆறவில்லை. "பத்தொம்பது வருச உழைப்புங்க டாக்டர். உங்க கையாலயே நாசம் பண்ணிப்போட்டீங்களே. நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

"இந்தப் பொண்ணோட பதினோரு வருஷத்தை நான் பத்து நிமிஷத்துல நாசம் பண்ணேன் சார். மறுநாள் காலையில அஞ்சரைக்கு அவ கிரவுண்டுக்கு வரலையா?" என்றார் டாக்டர்.

சொல்லிவிட்டு, யாரும் எதிர்பார்க்கவில்லை, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார். பத்தொன்பது வருடம் மற்றவர்கள் எறிவதை அளந்தவர், ஒருநாளும் பந்தைக் கையால் தொட்டதில்லையாம். ஒரு பந்தை எடுத்து எறிந்தார். கூடைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு பஸ் போகலாம். கூட்டம் ஓவென்று சிரித்தது, நானும்தான். ஷமீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளினாள். "இப்படிங்க டாக்டர். இன்னொண்ணு போடுங்க." மாசாணி பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தாள். இரண்டாவது பந்து என் தலைக்கு மேலே போனது. ஐந்தாவது நடுவரின் முதுகில். நான் ஒவ்வொன்றையும் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தேன், யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பதினேழாவது பந்து வளையத்தைத் தொட்டுவிட்டு வெளியே விழுந்தது. தொட்டதற்கே டாக்டர் பெனடிக்டா செருப்பு கழன்று விழும்படி குதித்தார்.